மெத்தை காயாமல் பார்த்துக்கொள்வது எப்படி? மார்சிலிங் பெற்றோருக்கு ஒரு கையேடு

மார்சிலிங்கில் விடிவதற்கு முன்பே விளக்கெரியும் வீடுகள் நிறைய உண்டு. ஜோகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டி வரும் மோட்டார்சைக்கிள்கள் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசை கட்டும் நேரத்திலேயே சிலர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். சிலர் சுப்ரபாதம் போடுவார்கள். வேறு சில வீடுகளில் அந்நேரத்துக்கு ஓர் அம்மா ஓசைப்படாமல் படுக்கை விரிப்பைச் சலவை இயந்திரத்தில் திணித்துக்கொண்டிருப்பார். தொடக்கநிலை 2ல் படிக்கும் மகன் குளியலறை வாசலில் தலையைத் தொங்கப்போட்டு நிற்பான். இந்தக் கையேடு அந்தக் கடைசி வகை வீடுகளுக்கானது.

மற்ற வழிகாட்டிகள் எல்லாம் மெத்தையை உலர வைப்பதைப் பற்றியே பேசுகின்றன. அதில் என்ன சாமர்த்தியம்? யாரும் எதுவும் செய்யாவிட்டாலும், படுக்கையை நனைக்கும் பிள்ளைகளில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து பேர் தானாகவே நிறுத்திவிடுகிறார்கள். தானாக நிற்கக்கூடிய ஒன்றை நிற்கவிடாமல் இழுத்துப் பிடித்து, உடல் வளர்ச்சியில் வரும் ஒரு சிறு தாமதத்தைக் குடும்ப மானப் பிரச்சினையாக உயர்த்தி, பிள்ளை வளர்ந்து பெரியவனான பிறகும் நினைத்து நினைத்துக் கூசும்படி செய்வதற்குத்தான் உழைப்பு வேண்டும். அந்த உழைப்புக்கு நாங்கள் துணை நிற்கிறோம்.

தேவையான பொருட்கள்

• ஐந்து வயது தாண்டிய பிள்ளை, ஒன்று. அதற்குக் கீழே மருத்துவர்கள் இதைக் கோளாறாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கியாசு பெற்றோர் நான்கு வயதிலேயே கவலைப்படத் தொடங்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

• இரவு பத்து மணிக்கு ஒரு பெரிய குவளை மைலோ.

• ஒப்பிட்டுப் பேச வசதியாக, மூன்று வயதிலேயே எல்லாம் கற்றுக்கொண்ட அத்தை மகன்.

• குடும்ப வாட்ஸ்அப் குழு.

• சமையலறைச் சன்னலுக்கு வெளியே செருக ஒரு மூங்கில் கழி.

• தன் சிறுவயதைச் சுத்தமாக மறந்துவிட்ட அப்பா, ஒருவர். இவர் இல்லாமல் எந்தப் படியும் வேலை செய்யாது.

படி 1: உலகத்திலேயே உங்கள் பிள்ளை ஒருவன்தான் என்று முடிவு கட்டுங்கள்

இதுதான் அடித்தளம். இந்த நம்பிக்கை ஆடினால் மற்றவை எல்லாம் சரிந்துவிடும். ஆகவே எண்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, நம்மைப் போலவே அடுக்குமாடியும் பரீட்சையும் நிறைந்த ஹாங்காங்கிலிருந்து 2006ல் வெளிவந்த ஆய்வைத் தவிர்க்கவும். 5 முதல் 19 வயது வரை 16,000க்கும் மேற்பட்டோரை அதில் கணக்கெடுத்தார்கள். ஐந்து வயதில் சுமார் 16 விழுக்காட்டினர் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். ஏழு வயதில் 10 விழுக்காடு. பத்தொன்பது வயதில்கூட 2 விழுக்காடு. மற்ற நாட்டுக் கணக்குகளும் ஏறக்குறைய இதே பாதையில்தான் இறங்குகின்றன. பையன்களில் இது பெண்பிள்ளைகளைப் போல ஏறத்தாழ இரு மடங்கு.

இதை நம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து பார்க்கும் தவற்றைச் செய்துவிடாதீர்கள். தொடக்கநிலை 1ல் ஒரு வகுப்புக்குச் சுமார் 30 பிள்ளைகள். பத்தில் ஒருவர் என்றால் மூன்று பேர். உங்கள் மகன் தவிர இன்னும் இரண்டு பேர் அதே வகுப்பில் அதே பயத்தோடு அதே சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து வயதில், 40 பேர் இருக்கும் வகுப்பில் ஓரிருவராவது தேறுவார்கள். உங்கள் புளோக்கில் எத்தனை பிள்ளைகள், மார்சிலிங் முழுவதும் எத்தனை என்று பெருக்கிப் பார்த்தால் மனம் லேசாகிவிடும். பெருக்காதீர்கள்.

இந்த நம்பிக்கை கலையாமல் நிற்பதற்குக் காரணமே மற்ற வீடுகளும் இதே கையேட்டின்படி நடப்பதுதான். பல் விழுந்ததை லிஃப்டில் சொல்வார்கள். பேன் வந்ததைக்கூடச் சொல்வார்கள். இதைச் சொல்லவே மாட்டார்கள். பத்தாவது மாடியிலும் பதினோராவது மாடியிலும் ஒரே நேரத்தில் சலவை இயந்திரம் ஓடும். இரு அம்மாக்களும் மின்தூக்கியில் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு இறங்குவார்கள்.

படி 2: சோம்பேறி என்று பட்டம் சூட்டுங்கள்

பாட்டியின் தீர்ப்பு தயாராக இருக்கும்: “எழுந்திரிச்சுப் போகச் சோம்பேறித்தனம். எல்லாம் கொழுப்பு.” அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்றாம் மாடியில் இருப்பவருக்கும் கேட்கும்படி காலையில் பையனிடம் சொல்லுங்கள்.

இதற்கு எதிராக மருத்துவம் மூன்று காரணங்களைச் சொல்கிறது. மூன்றுமே பிள்ளையின் கையில் இல்லாதவை என்பதால் நமக்கு உதவாது. முதலாவது, இரவில் சுரக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன். நாம் தூங்கும்போது இதன் அளவு கூடும். சிறுநீரகம் சிறுநீர் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். சில பிள்ளைகளுக்கு இந்த இரவு நேரக் கூடுதல் தாமதமாகத்தான் அமைகிறது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகர ஆய்வாளர்கள் 1980களில் இதை அளந்து காட்டினார்கள். அப்படிப்பட்ட பிள்ளையின் உடல் பகலில் உற்பத்தி செய்வதைப் போலவே இரவிலும் செய்கிறது.

இரண்டாவது, சிறுநீர்ப்பையின் கொள்ளளவு. வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் எத்தனை மில்லிலிட்டர் தாங்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். ஏழு வயதுக்கு 240 மில்லி. சில பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவாகவே பிடிக்கும். சிலருக்குப் பை நிரம்புவதற்கு முன்பே சுருங்கிவிடும்.

மூன்றாவதுதான் சோம்பேறிப் பட்டத்துக்கு நேரடி எதிரி. பை நிரம்பிவிட்டது என்ற செய்தி மூளைக்குப் போகிறது, ஆனால் மூளை விழிப்பதில்லை. 1997ல் கனடாவில் ஒரு சோதனை நடந்தது. தூங்கும் சிறுவர்களின் காதில் ஹெட்ஃபோன் பொருத்தி, 120 டெசிபல் வரை ஒலியைக் கூட்டினார்கள். படுக்கையை நனைக்காத சிறுவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு 40 முறை விழித்துக்கொண்டார்கள். நனைக்கும் சிறுவர்கள் விழித்தது நூற்றுக்கு 9 முறைதான். 120 டெசிபல் என்றால் காதருகே அவசர ஊர்தியின் சைரன் அலறுவதற்குச் சமம். அதற்கே எழாதவன் உங்கள் “எழுந்திரு”வுக்கு எழவில்லை என்றால் அது கொழுப்பு இல்லை. ஆனால் பாட்டியிடம் டெசிபல் பற்றி யார் பேசுவது?

படி 3: குடும்ப வரலாற்றைப் பூட்டி வையுங்கள்

இந்தக் கையேட்டின் உயிர்நாடி இங்கே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் இப்படி ஓர் ஆபத்து நேரலாம்.

“விடுய்யா, சின்னப் பிள்ளைதானே. உங்கப்பனும் இப்படித்தான், அஞ்சாம் வகுப்பு போற வரைக்கும்…”

“அம்மா, நீங்க சும்மா இருங்க.”

“நான் என்ன பொய்யா சொல்றேன்? உங்க மாமாகூட…”

“அம்மா! மீன் குழம்பு ஊத்துங்க.”

அப்பா இங்கே நடந்துகொண்டது பாராட்டுக்குரியது. இன்னும் ஒரு நிமிடம் பாட்டியைப் பேசவிட்டிருந்தால், பையனுக்குத் தெரியக்கூடாதது தெரிந்திருக்கும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹாரி பக்வின் திரட்டிய கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பெற்றோர் இருவரும் சிறுவயதில் படுக்கையை நனைத்தவர்கள் என்றால் பிள்ளைக்கும் அது வர 77 விழுக்காடு வாய்ப்பு. ஒருவர் மட்டும் என்றால் 44. இருவருமே இல்லை என்றால் 15. 1995ல் டென்மார்க் ஆய்வாளர்கள் சில குடும்பங்களில் இதன் தொடர்பை 13ஆம் குரோமோசோம் வரை தேடிப் பிடித்துவிட்டார்கள். மூக்கும் முழியும் அப்பாவைப் போல என்று தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாம் சொல்வது நமக்குப் பெருமை. இதுவும் அப்பாவைப் போலத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

மறதியைப் பொறுத்தவரை சிங்கப்பூரின் சாதனை சாதாரணமானதல்ல. தேக்காவுக்குப் பக்கத்தில் இருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் ஒரே ஆண்டில் நடந்த அதிகப் பிரசவங்கள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இன்றைய விகிதமே அன்றைக்கும் என்று வைத்துக்கொண்டால், அவர்களில் 4,000 பேர் அளவுக்கு 1973ல், ஏழு வயதில், பாயை நனைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். இப்போது அவர்களுக்கு அறுபது வயது. பலர் தாத்தா பாட்டி. தேக்கா உணவங்காடி நிலையத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும் அந்த வயதுக்காரர்களிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். ஒருவர்கூட ஒப்புக்கொள்ள மாட்டார். நாலாயிரம் பேர் கட்டிக்காக்கும் ரகசியத்தை உங்கள் வீட்டு மீன் குழம்பு உடைத்துவிடலாமா?

படி 4: செய்தியைப் பரப்புங்கள்

அப்பாவின் கதையைப் பூட்டியாயிற்று. மகன் கதையைத் திறந்துவிட வேண்டும்.

பழைய வீவக வீடுகளில் சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியைச் செருகும் குழாய்கள் இருக்கும். விரிப்பை அதில் காயப்போடுவது மட்டும் போதாது. எல்லா வீட்டிலும் விரிப்பு காய்கிறது, அதைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடித்துவிட முடியாது. ஆகவே வாய்மொழி அறிவிப்பும் சேர வேண்டும். “இன்னிக்கும் அலசியாச்சு ஆன்ட்டி, வாரத்துக்கு நாலு தடவை” என்று எதிர்வீட்டில் சொல்லுங்கள். பையன் காலணி மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கும்போது சொல்வது உத்தமம்.

இந்த முறைக்கு உலகப் பாரம்பரியம் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் மைக்கேல் லாண்டனின் அம்மா நனைந்த விரிப்பைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி சன்னலுக்கு வெளியே தொங்கவிடுவாராம். தோழர்கள் கண்ணில் படுவதற்குள் அதை உள்ளே இழுத்துவிட, பள்ளி விட்டதும் பையன் ஓட்டமாக ஓடுவான். அந்த ஓட்டத்தை மறக்க முடியாமல் லாண்டன் 1976ல் ‘தி லோன்லியஸ்ட் ரன்னர்’ என்ற தொலைக்காட்சிப் படத்தை எழுதி இயக்கினார்; படத்தில் வரும் பையன் கடைசியில் ஓட்டப்பந்தய வீரனாகிறான். மார்சிலிங்கில் நமக்குக் கூடுதல் வசதி: பையன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் மின்தூக்கிக்காகக் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

கொரியாவில் அந்தக் காலத்தில் இன்னும் கச்சிதமாகச் செய்தார்கள். படுக்கையை நனைத்த பிள்ளையின் தலையில் முறத்தைக் கவிழ்த்து, அக்கம்பக்கத்தில் உப்பு வாங்கி வரச் சொல்லி அனுப்புவார்கள். கதவைத் திறந்தவருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. நம்மிடம் முறம் இல்லை. வாட்ஸ்அப் இருக்கிறது. “யாருக்காவது நல்ல வைத்தியம் தெரியுமா? தம்பிக்கு இன்னும் நிக்கலை” என்று குழுவில் போட்டால் சென்னை, பினாங்கு, மெல்பர்ன் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். பெரியப்பா கைகூப்பும் படம் அனுப்புவார்.

படி 5: பகலில் வறட்சி, இரவில் வெள்ளம்

நனைவதற்குக் காரணம் தண்ணீர். ஆகவே பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பும் தண்ணீர்ப் போத்தலை அவன் தொடாமல் திருப்பிக் கொண்டுவந்தால் மெச்சிக்கொள்ளுங்கள். பள்ளிக் கழிவறை பிடிக்காமல் காலையிலிருந்து மதியம்வரை அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம். அதையும் சுயக்கட்டுப்பாடு என்று பாராட்டுங்கள்.

நாளெல்லாம் வறண்ட பிள்ளை மாலையில் துணைப்பாட வகுப்பு முடிந்து வந்ததும் கிடைப்பதையெல்லாம் குடிப்பான். இரவுச் சாப்பாட்டோடு பண்டுங், வீட்டுப்பாடத்தோடு தேநீர், படுக்கும் முன் மைலோ. தேநீரிலும் கோலாவிலும் இருக்கும் காஃபின் சிறுநீர்ப்பையை உசுப்பிவிடும் என்பது கூடுதல் லாபம். பத்து மணிக்குள் அரை லிட்டர் உள்ளே போய்விட்டால், 240 மில்லி பிடிக்கும் பைக்கு இரவில் என்ன ஆகும் என்று கணக்கு வாத்தியாரிடம் கேட்க வேண்டியதில்லை.

மருத்துவர்கள் தலைகீழாகச் சொல்வார்கள். நாளுக்குரிய தண்ணீரில் ஐந்தில் இரண்டு பங்கு காலையில், இரண்டு பங்கு பிற்பகலில், மாலை ஐந்துக்கு மேல் ஒரு பங்கு. பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கழிவறை, படுக்கும் முன் ஒருமுறை. பிள்ளையை வாட்டாமல், செலவே இல்லாமல் செய்யக்கூடியது இது. அதனால்தான் யாரும் சீந்துவதில்லை.

படி 6: வயிற்றையும் மூக்கையும் கண்டுகொள்ளாதீர்கள்

சிறுநீருக்கும் மலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்தான் இந்தக் கையேட்டுக்கு உகந்த வாசகர். சம்பந்தம் உண்டு. மலக்குடல் சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால் இருக்கிறது. மூன்று நாளாக மலம் போகாத பிள்ளைக்கு அது புடைத்து, பையை நெருக்கும். பை விரிய இடமிருக்காது. காய்கறி, கீரை, பழம் என்று மலச்சிக்கலைத் தீர்த்ததுமே சில பிள்ளைகளுக்கு இரவு நனைவதும் குறைந்துவிடுகிறது. எனவே கோழி நக்கெட் கொடுப்பதைத் தொடரவும்.

அதேபோல் குறட்டை. ஏழு வயதுப் பையன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டால் “என்ன அசதி பாவம்” என்று நகர்ந்துவிடுங்கள். தொண்டைச் சதையும் அடினாய்டும் வீங்கி மூச்சு தடைபடும் பிள்ளைகளுக்கு இரவில் படுக்கை நனைவது கூடுதல். காது மூக்கு தொண்டை மருத்துவர் அதைச் சரிசெய்ததும் மெத்தையும் உலர்ந்துபோன குடும்பங்கள் உண்டு. அந்தச் செய்தி உங்கள் காதுக்கு வராமல் இருக்கட்டும்.

படி 7: நள்ளிரவு ரோந்தும் நட்சத்திர அட்டையும்

பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிவறையில் நிறுத்துங்கள். அவன் தூக்கத்திலேயே போய், தூக்கத்திலேயே திரும்புவான். அன்றைய விரிப்பு தப்பிக்கும், உண்மைதான். பிள்ளை எதுவும் கற்றுக்கொள்ள மாட்டான் என்பதும் உண்மை. விழித்திருந்தது நீங்கள்தான்.

சுவரில் ஓர் அட்டை ஒட்டி, நனையாத இரவுக்கு ஒரு நட்சத்திரம் கொடுங்கள். தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்குப் பரிசு அறிவித்தால் என்ன நடக்கும்? முயன்றும் கிடைக்காத நட்சத்திரங்களை அவன் தினமும் பார்த்துக்கொண்டு பல் துலக்குவான். மாலையில் அளவாகக் குடித்ததற்கு, படுக்கும் முன் கழிவறை போனதற்கு, காலையில் விரிப்பை எடுக்கக் கைகொடுத்ததற்கு என்று பரிசு கொடுக்கச் சொல்வது மருத்துவர்களின் கட்சி.

அடி வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு ஜார்ஜ் ஆர்வெல் ஆதாரம். எட்டு வயதில் விடுதிப் பள்ளியில் சேர்ந்த புதிதில் படுக்கையை நனைத்ததற்காகத் தலைமையாசிரியர் அவரைக் குதிரைச் சவுக்கால் அடித்தார், சவுக்கே உடைந்தது. அந்தப் பையன் வளர்ந்து உலகப் புகழ்பெற்ற பிறகும் அதை மறக்கவில்லை. அவர் எழுதி வைத்த கட்டுரை அவர் இறந்த பின், 1952ல் அச்சேறி, அந்தப் பள்ளியின் பெயரை நிரந்தரமாகக் கெடுத்தது. அடிப்பதற்கு முன், பிள்ளை பிற்காலத்தில் எழுத்தாளனாகக்கூடும் அறிகுறி ஏதும் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

படி 8: எல்லா வைத்தியமும் பாருங்கள், மருத்துவரைத் தவிர

ரோமாபுரி அறிஞர் பிளினி, வேகவைத்த எலியைப் பிள்ளையின் உணவில் கலக்கச் சொன்னார். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தாமஸ் ஃபேயர் எழுதிய குழந்தை வைத்திய நூல் சேவலின் மூச்சுக்குழலைப் பரிந்துரைத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதகுலம் இந்த விஷயத்தில் எதற்கும் தயாராக இருந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போது நம் பாட்டியின் எள்ளுருண்டை எவ்வளவோ மேல். கறுப்பு எள்ளும் வெல்லமும் சத்தானவை, பிள்ளைக்குப் பிடிக்கும், தாராளமாகக் கொடுக்கலாம். அது சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேராது என்பதைப் பாட்டியிடம் சொல்ல வேண்டாம்.

“பையன் எங்கேயோ பயந்துட்டான்” என்று யாராவது சொன்னால் திருநீறு போட்டு, தாயத்துக் கட்டுங்கள். தாயத்துக் கட்டிய ஓராண்டுக்குள் நூற்றில் பதினைந்து பேருக்கு நின்றுவிடும். கட்டாதவர்களுக்கும் அதே பதினைந்துதான்.

படி 9: முகாமுக்கு அனுப்பாதீர்கள்

தொடக்கநிலை 5 வந்ததும் இரவு தங்கும் பள்ளி முகாம் வரும். காரணம் சொல்லாமல் படிவத்தை ஒப்பமிடாமல் வைத்திருங்கள். பையன் “எனக்குக் கூடாரம் பிடிக்காது” என்று நண்பர்களிடம் பொய் சொல்லிக்கொள்வான். ஜோகூர் பாருவில் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லாரும் ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்கும்போது இவனும் அம்மாவும் மட்டும் இரவோடு இரவாகக் கடற்பாலத்தில் திரும்பி வருவார்கள். இப்படிச் சில ஆண்டுகள் பழகினால், மெத்தை காய்ந்த பிறகும் அவன் எங்கும் தங்க மாட்டான். கையேட்டின் முழு வெற்றி அதுவே.

கடும் எச்சரிக்கை: கீழே உள்ளவற்றைச் செய்தால் மெத்தை காய்ந்துவிடும்

ஒன்று. பலதுறை மருந்தகத்துக்குப் போகாதீர்கள். உட்லண்ட்ஸிலேயே ஒன்று இருக்கிறது. அங்கே பரிந்துரைக் கடிதம் வாங்கினால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் இதற்கென்றே பழகிய மருத்துவர்களைப் பார்த்துவிடலாம். 1966ல் சாதனை படைத்த அதே மருத்துவமனையின் வாரிசு அது. அங்கே யாரும் உங்கள் பிள்ளையைப் பார்த்து ஆச்சரியப்படமாட்டார்கள். அது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

இரண்டு. ஈர எச்சரிக்கை மணியைத் தொடாதீர்கள். 1904ல் ஃபௌண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், படுக்கை நனைந்தால் தாதிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு மணியை அமைத்தார். மணியடிக்க அடிக்கப் பிள்ளைகளே நனைப்பதை நிறுத்தியதைக் கண்டு வியந்தார். 1938ல் அமெரிக்காவில் மௌரர் தம்பதியர் அதை முறையான சிகிச்சையாக்கினார்கள். இன்று உள்ளாடையில் மாட்டும் சிறு கருவியாகக் கிடைக்கிறது. முதல் சில வாரங்கள் மணிக்குப் பிள்ளை எழமாட்டான், வீடே எழும். பெற்றோர் போய் எழுப்பிவிட வேண்டும். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் உலர்ந்துவிடுகிறார்கள். சிலருக்குத் திரும்பவும் வரும். அப்போது மறுபடி மாட்டலாம்.

மூன்று. டெஸ்மோபிரெசின் மாத்திரையை மருத்துவர் எழுதித்தரவிடாதீர்கள். இரவில் குறைவாக இருக்கும் அந்த வாசோபிரெசின் ஹார்மோனின் வேலையை இது செய்யும். முகாம், கல்யாண வீடு போன்ற நாட்களுக்கு மட்டும்கூடக் கொடுக்கலாம். இதில் ஒரு நிபந்தனை விளையாட்டல்ல: மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்புவரை பிள்ளை ஓரிரு மிடறுக்கு மேல் குடிக்கக் கூடாது. குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புவரை போகலாம். இந்த ஆபத்தினால்தான் 2007ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதன் மூக்குத் தெளிப்பு வடிவத்தைப் படுக்கை நனைப்பதற்குப் பயன்படுத்தக் கூடாது என்றது. மருத்துவர் சொன்னபடி மட்டுமே.

நான்கு. “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்ற வாக்கியத்தைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலோருக்குச் சரியாகும். ஆனால் ஹாங்காங் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: வயது கூடக்கூட எண்ணிக்கை குறைகிறது, மிஞ்சியவர்கள் வாரத்தில் அதிக இரவுகள் நனைக்கிறார்கள். பிஎஸ்எல்இ எழுதும் வயதிலும் நிற்கவில்லை என்றால் காத்திருப்பது வைத்தியமல்ல.

ஐந்து. இங்கே மட்டும் கையேடு விளையாடாது. ஆறு மாதத்துக்கு மேல் உலர்ந்திருந்த பிள்ளை திடீரென மறுபடி நனைத்தால், பகலிலும் நனைத்தால், சிறுநீர் போகும்போது வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஓயாத தாகமும் மெலிவும் சேர்ந்து வந்தால் நீரிழிவாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். உடலில் எதுவும் இல்லை என்றால், புதுத் தம்பிப் பாப்பா, பெற்றோர் சண்டை, பள்ளியில் கேலி என்று மனத்தை அரிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறதா என்று பொறுமையாகக் கேளுங்கள்.

ஆறு. அப்பா பேசிவிடக் கூடாது. மகன் காதருகே, “எனக்கும் இருந்துச்சுய்யா, அஞ்சாம் வகுப்பு வரைக்கும், அப்புறம் நின்னுடுச்சு” என்று அவர் சொல்லிவிட்டால் இந்தக் கையேட்டின் ஒன்பது படிகளும் வீண். சோம்பேறிப் பட்டம் உதிர்ந்துவிடும், அத்தை மகன் மதிப்பிழந்துவிடுவான், பையன் காலையில் நிமிர்ந்து நின்று விரிப்பைத் தானே சலவை இயந்திரத்தில் போடுவான்.

ஆகவே மார்சிலிங் அப்பாக்களே, முடிவு உங்கள் கையில். தூக்கத்தில் நடப்பதற்கு ஏழு வயதுப் பிள்ளை பொறுப்பல்ல. விழித்திருக்கும்போது நாம் சொல்லும் சொல்லுக்கு நாம் பொறுப்பு. கையேடு பிடித்திருந்தால் இப்படியே தொடருங்கள். பிடிக்கவில்லை என்றால், இன்று பிள்ளை தூங்கும் முன் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு, நாளைக் காலை பலதுறை மருந்தகத்தில் நேரம் பதிவு செய்யுங்கள்.